கறுப்புக் காரின் விக்கல்

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தது அப்பா, மெக்கானிக் பாய், நான். அம்மா மோர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள். அண்ணன் இல்லை. அந்தக் கார் ஏன் விக்குகிறது என்று யோசிக்க வேண்டியவன் அவன்தான். அவன் வீட்டைவிட்டுப் போன பிறகு ஒரு தீபத் திருவிழா வந்து போயிருந்தது.

எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் ஊர்ப் பக்கம் காரை இன்னும் பிளசர் என்றுதான் சொல்லுவார்கள். அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் நிலத்தை விற்றுத்தான் அப்பா அந்தப் பழைய கறுப்பு பிளசரை வாங்கினார். அதற்கு முன்பு வீட்டில் மாட்டுவண்டி இருந்தது. மாட்டை எப்படி வைத்திருந்தாரோ அப்படியே காரையும் வைத்திருந்தார். காலையில் வைக்கோல் பிரியால் தேய்த்துக் கழுவுவார், முகப்பு விளக்குகளைத் துண்டால் ஒற்றி எடுப்பார். நாள் முழுக்க ஓடி வந்தால் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுப்பார். ஓட்ட மட்டும் தெரியாது. ஓட்டியது அண்ணன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்த அதே வருஷம்தான் அண்ணனை லாரியில் கிளீனராக ஏற்றிவிட்டார்கள். லாரியில் கற்றுக்கொண்டு வந்தவன், பிளசர் வந்ததும் அதற்கு டிரைவர் ஆனான். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களை மலையைச் சுற்றிக் கூட்டிப்போவான். கல்யாண வண்டி ஓட்டுவான், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவான். அந்த ஓட்டத்தில்தான் நான் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காரைக் கழுவி, சாம்பிராணி போட்டு, பூஜை செய்வது அம்மா. கார் வந்த முதல் வெள்ளிக்கிழமை, அண்ணன் எண்ணெய் பார்ப்பதற்காக முன்மூடியைத் தூக்கி நிறுத்தியிருந்தான். உள்ளே எட்டிப் பார்த்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ சாமி, நாகம் கொட பிடிச்சிருக்குதுடா!"

அவள் காட்டியது டிஸ்ட்ரிபியூட்டரை. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு மூடி அது. அதன் தலையிலிருந்து ஐந்து தடித்த ஒயர்கள் எழும்பி வளைந்து போகும். நடு ஒயரில் வருகிற மின்சாரத்தை மற்ற நாலு ஒயர்களும் முறை வைத்து நாலு பிளக்குக்குக் கொண்டுபோகும். பிளக்கில் விழுகிற பொறி தவறினால் எஞ்சின் தடுமாறும். அதையே மிஸ்ஸிங் என்பார்கள். அம்மாவுக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. அவள் கண்ணுக்குப் பட்டது ஐந்து தலை நாகமும் அதன் கீழே ஒரு லிங்கமும். பன்னீரில் சந்தனத்தைக் குழைத்து அந்த மூடியின் நடுவில், ஒயர்களுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தில் அப்பினாள். மேலே குங்குமம் வைத்தாள். ஒயரில் ஒரு துண்டு மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "மலைய சுத்தி எட்டு லிங்கம் இருக்குது. எங்கம்மா ஒம்பதாவதா ஒண்ணு கண்டுபுடிச்சிட்டா!"

"சிரிக்காதடா. சோறு போடற சாமி அது" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் தவறியதில்லை. பழைய சந்தனத்தை எடுக்கவும் மாட்டாள். சாமிக்கு வைத்ததைச் சுரண்டி எடுக்கக் கூடாது என்று அதன் மேலேயே வைப்பாள்.

ஒரு வருஷம்போல ஆனதும் கார் விக்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. மெதுவாகப் போகும்போது ஜாஸ்தியாக இருக்கும். அண்ணன் பிளக்கைக் கழற்றிக் கழுவி மாட்டுவான். ரெண்டு நாள் நன்றாக ஓடும், மறுபடியும் விக்கும். பாய் வந்து கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், பொறியைக் கிளப்புகிற பாயிண்டை மாற்றினார். அப்போதும் அப்படித்தான்.

தேரடித் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பூ அலங்காரத்தோடு எங்கள் பிளசர் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. கல்யாண வண்டியாயிற்றே என்று அம்மா சந்தனத்தைத் தாராளமாகவே அப்பியிருந்தாள். பாதித் தெரு போவதற்குள் கார் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் தூக்கிப் போட்டது. உள்ளே மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண் வரை இறங்கியது.

"மாப்ளைக்கு விக்கலுடோய்! யாராச்சும் தண்ணி குடுங்க!"

"பொண்ண பாத்தாரு இல்ல, அதான் வண்டி பின்னால இஸ்துகினு போவுது!"

கூட்டம் சிரித்தது. நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் பையன்கள் தள்ளிக்கொண்டு போய்த்தான் சத்திரத்தில் சேர்த்தார்கள். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

மறுநாள் கார் ஸ்டாண்டில் இன்னொரு வண்டிக்காரர் அப்பாவிடம் சொன்னாராம்: "அண்ணே, கோச்சுக்காதீங்க. இப்பிடி விக்குதுன்னா டேங்குல கிருஷ்ணாயிலு கலந்திருக்குது. ஓட்டறவங்க பெட்ரோல எடுத்து வித்துட்டு இத ஊத்தி நெரப்பிடறாங்க. புதுசா இன்னா, எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்."

கிருஷ்ணாயில் என்றால் மண்ணெண்ணெய். அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். அண்ணன் கொட்டகையில் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம்.

"கைய காட்டுடா."

காட்டினான். அப்பா முகர்ந்து பார்த்தார்.

"இன்னா வாசன இது?"

"பிளக்கு கழுவுனேன் நைனா. கிருஷ்ணாயில்லதான கழுவணும்."

"டெய்லியும் கழுவுவியா?"

"டெய்லியும் மிஸ்ஸிங் அடிக்குது. கழுவாம?"

"அதுவா அடிக்குதா, நீ அடிக்க வெக்கிறியா?"

அண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கையில் இருந்த பிளக்கை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"நான் வித்தன்னு சொல்றியா நைனா?"

"இல்லன்னா சத்தியம் பண்ணு. கோபுர வாசல்ல கற்பூரம் அணை."

அம்மா ஓடிவந்தாள். "பெத்த புள்ளகிட்ட கேக்கற பேச்சா இது?" என்று கத்தினாள். அப்பா காது கொடுக்கவில்லை. அவர் அண்ணனைத் திருடன் என்று முடிவு கட்டியிருந்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு மனசுக்குள் அரித்தது, அதை எப்படியாவது நிறுத்த வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி கற்பூரம்தான். நிலத்தகராறோ களவோ, கேட்கிறவன் கொளுத்துவான், குற்றம் இல்லாதவன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைப்பான். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ராஜகோபுரத்துக்கு முன்னால், போகிறவர்களும் வருகிறவர்களும் பார்க்க, கல் தரையில் அப்பா கற்பூரத்தைக் கொளுத்தினார். "ஒரு சொட்டு வித்திருந்தாலும் இந்த கை வெளங்காம போவட்டும்" என்று சொல்லி அண்ணன் அணைத்தான். அப்பா பெருமூச்சு விட்டார். "சத்தியம் பண்ணிட்டான். தீந்துச்சு, வா போலாம்" என்று அவன் தோளில் கை வைத்தார். அண்ணன் தோளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். அண்ணன் உட்காரவில்லை. சாவியை ஜன்னலில் வைத்தான்.

"சாப்புடு கண்ணு. அந்தாளு பேசனத மனசுல வெச்சிக்காத."

"எப்பிடிம்மா சாப்புடறது? கற்பூரம் அணைச்சிட்டனே."

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. கற்பூரம் அணைத்தவன், அணைக்கச் சொன்னவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பங்காளிகள் அணைத்துவிட்டுத் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அப்பனும் பிள்ளையும் அணைத்து யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ, கொளுத்தும்போது அப்பாவுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அண்ணன் ரெண்டு சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஒழுங்கா படிடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனான். வேலூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அப்புறம் தெரிந்தது.

அப்பா கூலிக்கு ஒரு டிரைவரை வைத்தார். பெட்ரோல் போடும்போது தானே கூடப் போய் நின்றார். டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். முதல் வெள்ளிக்கிழமை கார் விக்கியது. பூட்டு அப்படியே இருந்தது. அப்பா அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது பாதிச் சோறு. அதற்குப் பிறகு அண்ணன் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அம்மாவுக்கு ரெண்டு வேண்டுதல்கள். பிள்ளை வர வேண்டும், வண்டி சரியாக வேண்டும். வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் பூஜை சேர்ந்தது. சந்தனத்தில் பன்னீரோடு பாலும் விட்டுக் குழைத்தாள். கார் மேலும் மேலும் மோசமாயிற்று. முன்பெல்லாம் நடுவில் ரெண்டு நாளாவது நன்றாக ஓடும். இப்போது வாரம் முழுக்க விக்கல்தான். "இது காருன்னு யாரு சொன்னது? கழுதைக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அந்த டிரைவரும் நின்றுவிட்டார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் பாயை அப்பா கூப்பிட்டு வந்தார்.

"பாய், இத பாரு. எத்தினி செலவானாலும் சரி. எது கெட்டிருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

"வித்துடுங்கண்ணே, நிம்மதி."

"விக்கறதுக்குக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சாவணும்."

அவர் குரலைக் கேட்டதும் பாய் கிண்டலை நிறுத்திவிட்டார். எஞ்சினை ஓடவிட்டார். ஷாக் அடிக்காமல் இருக்க ஒரு பழைய ரப்பர் செருப்பை மடித்துப் பிடித்து, பிளக்குகளின் தலையில் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திரும்ப மாட்டினார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் எஞ்சின் இன்னும் தடுமாறியது. ரெண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார். எந்த வித்தியாசமும் இல்லை.

"இது செத்துக் கெடக்குது, காலேஜு. இருந்தாலும் ஒண்ணு, இல்லன்னாலும் ஒண்ணு" என்றார் என்னைப் பார்த்து.

மூன்றாவது பிளக்கை முதல் இடத்துக்கும் முதலாவதை மூன்றாம் இடத்துக்கும் மாற்றினார். மூன்றாம் இடமே செத்திருந்தது. அப்படியானால் பிளக் இல்லை. ஒயரை மாற்றினார். அப்போதும் மூன்றாம் இடம்தான்.

"மூடியா இருக்குமா பாய்?" என்று கேட்டேன்.

"மூடிய நான் எத்தினி வாட்டி தெறந்து பாத்திருக்கேன். உள்ள கண்ணாடி மாதிரி இருக்குது."

"மேல?"

பாய் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல எங்கப்பா தெரியுது? அம்மா சந்தனம், குங்குமம் வெச்சிருக்காங்க. நான் வேற ஆளு. உங்க சாமி மேல கைய வெச்சு எப்பிடி தொடைக்கிறது? ரெண்டு பக்கம் கிளிப்ப நெம்பிட்டு, ஓரத்த புடிச்சு தூக்கி, உள்ள பாத்துட்டு வெச்சிடுவேன்."

பாய்தான் மறுபடியும் சொன்னார். "மேல கரண்ட் ஓடுதான்னு பாக்கணும்னா இருட்டு வேணும். ராத்திரி வரட்டுமா?"

அப்பா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கல்யாணத்துக்கு விரிக்கிற பெரிய ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டு வந்தார். அதைக் காரின் முன்பக்கத்தின் மேல் போர்த்தி, நாங்கள் மூன்று பேரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டோம். வெளியே உச்சி வெயில். உள்ளே கும்மிருட்டு, எஞ்சின் சூடு, பெட்ரோல் நாற்றம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. மூடியின் மேலே, மூன்றாவது பிளக்குக்குப் போகிற ஒயரின் அடியிலிருந்து நூல் கனத்தில் ஒரு நீலம் கிளம்பியது. சந்தனத்தின் மேலேயே நெளிந்து ஓடி, ஓரத்துக் கிளிப்பில் இறங்கி மறைந்தது. மறுபடியும் கிளம்பியது. அது ஓடும்போதெல்லாம் எஞ்சின் ஒரு தரம் விக்கியது. சந்தனம் கருகுகிற வாசனை வந்தது.

"யா அல்லா" என்று பாய் முணுமுணுத்தார்.

எஞ்சினை நிறுத்தினோம். ஜமுக்காளத்தை விலக்கிவிட்டு நான் வேட்டி ஓரத்தால் மூடியைத் துடைத்தேன். ஏடு ஏடாகச் சந்தனம் பெயர்ந்து வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், கறுப்பு மூடியில் அதைவிடக் கறுப்பாக ஒரு கோடு எரிந்து போயிருந்தது. அந்தக் கோட்டோடு மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பும் இருந்தது.

எனக்கு அது பாடத்தில் படித்த விஷயம்தான். "ஈரச் சந்தனத்துல கரண்ட் ஓடும் நைனா. ஓடி ஓடி அந்த எடம் கரியாயிடும். கரியான பின்னால ஈரமே வேணாம், அதுவே பாதையா பூடும். பிளக்குக்குப் போவ வேண்டிய கரண்ட் இந்தப் பக்கம் எறங்கிடுது. அதுக்குத்தான் விக்குது." இத்தனை வருஷப் படிப்பில் என் வீட்டுக்குப் புரிகிற மாதிரி நான் சொன்ன முதல் விஷயம் அது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேண்டாம் என்று இருந்தது.

அப்பா அந்தக் கோட்டை விரலால் தடவினார். "அப்ப பெட்ரோலு?"

"பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"கிருஷ்ணாயிலு..."

"இல்ல நைனா."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அம்மா நின்றிருந்தாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்குக் கேட்டிருக்காது. "சந்தன விசயத்த அவகிட்ட பேசாத" என்றார் என்னிடம். பிறகு கார் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பாய் மோர்ச் சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

பாய் சைக்கிளில் கடைக்குப் போய்ப் புது மூடியும் ஒயர்களும் வாங்கி வந்து மாட்டினார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. "தூங்கற கொழந்த மாதிரி இருக்குது பாருங்க" என்றார். கூலியும் வாங்காமல் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அப்பா காரின் முன்மூடியைத் திறக்காமல் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வேணாம். வெளிய கண்ணாடில வெய்யி."

"ஏன்?"

"எஞ்சினுக்கு சந்தனம் ஒத்துக்கலியாம்."

அம்மா அவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். கிண்ணம் அவள் கையிலேயே இருந்தது.

"எத்தினி நாளா ஒத்துக்கல?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மா கண்ணாடியிலும் வைக்கவில்லை. திரும்பி உள்ளே போனாள். போய் அடுப்படியில் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் அழவில்லை. வெகுநேரம் அந்தக் கிண்ணத்தையே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. எங்கே போவதானாலும் பஸ்தான்.

அப்பாவும் நானும் வேலூருக்குப் போனோம். காரில் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். லாரி ஷெட்டில் அண்ணன் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். மெலிந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றான். எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். அப்பா மூன்று டீ சொன்னார்.

"மாஸ்டர், என்து தனிக் கணக்கு" என்றான் அண்ணன்.

டீ வந்தது. அவன் என் படிப்பைக் கேட்டான். அம்மாவின் கால்வலியைக் கேட்டான். அப்பா டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது கிருஷ்ணாயிலு இல்லடா" என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரியும் நைனா."

"கரண்ட் மூடி. மேல வெடிச்சிருந்துச்சு."

"மேலயா?" அண்ணன் மனசுக்குள் காரின் முன்மூடியைத் திறந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "சந்தனம்" என்றான் மெல்ல. "ஐயோ. அம்மாவுக்குத் தெரியுமா?"

"நாங்க சொல்லல. அவளே தெரிஞ்சிகினா."

அண்ணன் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தான்.

"ஊட்டுக்கு வாடா" என்றார் அப்பா. "ஐயரு கிட்ட கேக்கறேன். எதனா பரிகாரம் இருக்கும். நான் தப்பா கொளுத்திட்டேன்."

"அணைச்சது அணைச்சதுதான் நைனா. அம்மாவ இங்க அனுப்பு. நான் பாத்துக்கறேன். இவன் பீசுக்குப் பணம் அனுப்பறேன். அந்த ஊட்டுல மட்டும் என்னால கை நனைக்க முடியாது. மனசு வரல."

அப்பா தலையை ஆட்டினார். வற்புறுத்தவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஷெட்டிலிருந்து யாரோ அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து தன் டீக்குச் சில்லறையைப் பலகையில் வைத்தான். ரெண்டடி போனவன் நின்றான். டிரைவராக இருந்த பழக்கம்தான் கேட்க வைத்திருக்க வேண்டும்.

"மூடி மாத்தனதுக்கு எத்தினி ஆச்சு?"

அப்பா நிமிரவில்லை. டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒயரோட சேத்து முப்பத்தி நாலு ரூபா."